பதினைந்து என்றாள்

பன்னிரண்டாம் நம்பர் வளையம் விரலில் கச்சிதமாக உட்கார்ந்தது.

அவள் கழற்றினாள். மறுபடியும் போட்டுப் பார்த்தாள். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.

கல்யாணத்துக்கு அளவு எடுத்தபோது பதினைந்து. எடுத்தவன் ஆவுடையப்பனேதான். மாப்பிள்ளையே ஆசாரி என்றால் வேறு யார் எடுப்பார்கள்? ஒரே ஒரு விரலுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டான், கள்ளன்.

சாவிக்கொத்து மாதிரி ஒரு கம்பியில் கோத்த பித்தளை வளையங்கள். ஒன்று முதல் முப்பது வரை நம்பர் வெட்டியிருக்கும். மாமனாரின் அப்பா காலத்தில் வாங்கியது. அம்பாசமுத்திரத்தில் மோதிரம் மாற்றிய பாதிப் பேரின் விரல் இதற்குள் நுழைந்து வந்ததுதான்.

போன் அடித்தது. ஷார்ஜாவிலிருந்து. அங்கே ஒரு நகைப் பட்டறையில் அவனுக்கு வேலை. போய் இரண்டரை வருடம் ஆகிறது.

முந்தின நாளே சொல்லிவைத்திருந்தான். உனக்கு ஒரு மோதிரம் செய்யப் போகிறேன், அளவு எடுத்து வை, வெறும் வயிற்றோடு எடுத்தால் விரல் சுருங்கிக் காட்டும், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு எடு என்று.

நன்றாகச் சாப்பிட்டுவிட்டு!

அவன் விமானம் ஏறிய நாளிலிருந்து அவளுக்குச் சோறு எங்கே இறங்கியது? நாலு வாய். அதற்குமேல் தட்டைத் தள்ளி வைத்துவிடுவாள். ஏன் மெலிந்துபோனாய் என்று மாமனார் கேட்டால் வெயில் என்பாள். ஐப்பசி மழையிலும் வெயில் என்பாள்.

பன்னிரண்டு என்று சொன்னால் போதும். ஆசாரிக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டாம். அங்கே ஒற்றை ஆளாகக் கிடந்து மருகுவான்.

"பதினைந்து" என்றாள். வாய் கூசவில்லை.



கொத்தைக் கையில் எடுத்தாயா, சத்தமே கேட்கவில்லையே என்றான்.

அவள் கொத்தைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்து நன்றாகக் குலுக்கினாள்.

சரி என்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

இவ்வளவு லேசாக நம்பிவிட்டானே என்று அவளுக்கே ஒரு மாதிரியாகப் போயிற்று. மனசு என்ன கழுதையோ. பொய்யும் சொல்லும், பிடிபடவும் ஆசைப்படும்.

மூன்றாம் வாரம் லீவில் ஊருக்கு வந்த அவனுடைய பட்டறைக் கூட்டாளி, பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். ரோஸ் கலர் தாளுக்குள் மோதிரம். வேப்பிலை வடிவில் முகப்பு. நரம்புகூடத் தெரிந்தது.

திருப்பினாள்.

பின்பக்கம் வெட்டு. இரண்டு நுனியும் சேராமல் விலகி நின்றன.

மாமனார் வாங்கிப் பார்த்தார். அவ்வளவுதான், முகம் சிவந்துவிட்டது. மூன்று தலைமுறையில் இந்த வீட்டு ஆசாரி கையிலிருந்து நுனி சேர்த்துப் பற்ற வைக்காத மோதிரம் வெளியே போனதில்லை, இதை மறக்கிறவன் எல்லாம் ஓர் ஆசாரியா, வெளிநாட்டுச் சம்பளம் வந்ததும் கை மறந்துபோயிற்றோ என்று மகனை எதிரே நிறுத்திவைத்த மாதிரி திட்டித் தீர்த்தார்.

கூட்டாளி காப்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

"மறக்கல மாமா. அளவு தெரியாம எப்படிலே பத்த வைக்கன்னு கேக்கான். வந்து விரலைப் பாத்துட்டுத்தான் வைப்பானாம்."

அவளுக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதுதான் கொத்தை வைத்து அளவெடுத்தாயிற்றே, அவன் வருவதற்கு இன்னும் ஆறு மாசம் கிடக்கிறதே என்றார் மாமனார். விரலை நீட்டச் சொன்னார். இரண்டு நிமிஷ வேலை என்று ஊதுகுழலைத் தேடி எடுத்தார்.

அவள் நீட்டவில்லை. மோதிரத்தை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இருக்கட்டும் மாமா. அவுக வந்து பத்த வைக்கட்டும்."

மாமனார் அப்போதுதான் அவள் கையைப் பார்த்தார். ஆயுசு முழுக்க ஊரார் விரலைப் பார்த்தே பிழைத்த மனுஷன். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார்.

அவள் மோதிரத்தை விரலில் போட்டு அழுத்தினாள். நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சதையைக் கடித்தன.

வலித்தது. அவள் கழற்றவில்லை.