வெள்ளை வைக்கோலில் ஒரு துளி

இங்கிலாந்தின் லூட்டன் நகரத் தொப்பிப் பட்டறையின் சன்னல் வெளிச்சம் கெசையாவின் மடியில் விழுகிறது. வைக்கோல் பின்னலின் ஈரம் காய்வதற்குள் தைத்தாக வேண்டும். தொப்பியின் உச்சியில் தொடங்கிய சுருள், காதை மறைக்கும் விளிம்புக்கு வந்துவிட்டது. திடீரென்று இருமுகிறாள். வாயைப் பொத்துவதற்குள் வெள்ளை வைக்கோலில் சிவப்பாக ஒரு துளி. "ஐயோ, என்னடி ரத்தம்?" என்கிறாள் பக்கத்தில் தைக்கும் தீர்சா. "ஊசி குத்திடுச்சு." மேற்பார்வைக்காரி எழுந்து வருகிறாள், போன வாரம் ரத்தம் இருமிய நவோமியை அன்றைக்கே வேலையைவிட்டு நிறுத்தியவள். "எந்த விரலு? காட்டு பாப்போம்." கெசையாவின் பத்து விரலிலும் புதுக் காயம் ஒன்றுகூட இல்லை. மேசைக்கு அடியில், கட்டைவிரலுக்குள் ஊசியை அதன் காதுவரைக்கும் இறக்கிப் பிடுங்குகிறாள். அடுத்த இருமல் தொண்டையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. வாயைத் திறக்காமல், கையை மட்டும் நீட்டுகிறாள்.