மைக் செய்த சேவை

அன்றைய வாரக் கூட்டத்துக்கு ஓர் இளைஞராவது வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இளைஞர் வழிகாட்டல் திட்டத்தை மூடிவிடச் சொல்லி, சேவைச் சங்கத்தின் தலைமையகம் கடிதம் எழுதியிருந்தது.

முதுகுப் பையோடு அந்தப் பெண் உள்ளே வந்ததும் தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“வாம்மா, உக்காரு.”

“சார், நான் எதுக்கு வந்தேன்னா...”

“தெரியும்மா. முதல்ல கேக்கப் பழகணும்.”

மருந்துக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, அதே கடைக்கு முதலாளியான தன் கதையை ஆரம்பித்தார். வீட்டில் அதை ஆரம்பித்தால் அவர் மனைவி ஐந்தாவது நிமிடம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். பத்தாவது நிமிடம் மைக் வழக்கம்போல் படுத்துக்கொண்டது. தலைவர் அசரவில்லை, தொண்டை கிழியத் தொடர்ந்தார்.

அந்தப் பெண் இரண்டு முறை கை தூக்கினாள்.

“கேள்வியெல்லாம் கடைசியிலம்மா” என்றார் செயலாளரான பல் டாக்டர், குறிப்பேட்டில் ‘பயனடைந்த இளைஞர்: ஒருவர்’ என்று எழுதியபடி.

முக்கால் மணி நேரம் கழித்துப் பேச்சு முடிந்து, உறுப்பினர்களின் கைதட்டலும் ஓய்ந்தது.

“இப்ப சொல்லும்மா. உன் லட்சியம் என்ன?”

“மைக்கைப் பார்க்கணும் சார். ரிப்பேர்னு நீங்கதானே எங்க கடைக்கு போன் பண்ணீங்க?”

செயலாளர் பேனாவை மூடினார். தலைவர் ஆம்ப்ளிஃபயரைக் காட்டினார். அவள் அதைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“கோளாறு ஒண்ணும் இல்ல சார். விடாம பேசினா சூடாயிடும். அப்போ தன்னைக் காப்பாத்திக்க அதுவே நின்னுடும்.”

“எங்க வீட்டம்மாவும் இதே கம்பெனி போலிருக்கு” என்றார் தலைவர், அன்று முதல்முறையாக மெதுவான குரலில்.