பத்தடி ஆழம்

“ஆழம்?” வேளாண் அதிகாரி தேசாய் பேனாவைத் திறந்தார்.

“பத்தடி, சார்,” என்றான் நிங்கப்பா. “கரை வழுக்கும். கிட்டப் போயிடாதீங்க.”

பண்ணைக்குட்டையில் கலங்கிய மழைத்தண்ணீர் விளிம்பு வரை நின்றது.

“பலே! இந்தத் தாலூகாவுலயே உன் குட்டைதான்பா சரியான அளவு.” தேசாய் எழுதிக்கொண்டார். மானியத்தின் கடைசித் தவணைக்கு இனி ஒரு புகைப்படம்தான் பாக்கி. “நீயும் குட்டையும் ஒரே படத்துல வரணும். அசையாம நில்லு.”

செல்போனைப் பிடித்தபடி கரையோரமாகவே பின்னால் நகர்ந்தவர், கரிசல் மண்ணில் சறுக்கித் தண்ணீரில் விழுந்தார்.

“ஐயோ! எனக்கு நீச்சல் தெரியாது!” கையையும் காலையும் உதறிக்கொண்டு புரண்டார். வாயெல்லாம் சேறு.

துங்கபத்திரையையே குறுக்கே நீந்துகிறவன் நிங்கப்பா. இப்போது ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் நின்றான்.

“என்ன பாத்துட்டு நிக்கிறீங்க?” மனைவி கங்கவ்வா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். “மானியம் போனா போகுது. மனுஷன் பயத்துலயே செத்துருவாரு. சொல்லித் தொலைங்க!”

நிங்கப்பா கரையோரம் வந்து குனிந்தான்.

“சார்... சும்மா எழுந்து நில்லுங்க. தோண்டும்போது ரெண்டடியிலயே பாறை வந்துடுச்சு.”