மாப்பிள்ளை எண்ணிய பிறைகள்

செண்பகம் பச்சைப்பிள்ளையைத் துண்டோடு அவர் காலடியில் கிடத்திவிட்டாள்.

அவர் இரண்டு காலையும் நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

எண்பத்தொரு வயதில் கால் அப்படிச் சட்டென்று மடங்கும் என்று அவருக்கே தெரியாது. முட்டி மட்டும் கடக்கென்று ஆட்சேபம் தெரிவித்தது.

“ஆயிரம் பிறை கண்டவுக கை பட்டா ஆயுசு கெட்டி மாமா. தொட்டு ஒரு வார்த்த சொல்லுங்க.”

எண்பது தாண்டியவரை ஊர் அப்படித்தான் சொல்லும்.

செண்பகம் அவர் மனைவி ஆவுடையின் தம்பி மகள். கோயில் கோயிலாக ஏறி இறங்கி, நாற்பதை எட்டும்போது பெற்ற பிள்ளை இது. அதுவும் அவசரக்காரி, நாள் நிறையுமுன்னே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்துவிட்டு இன்றைக்குத்தான் வீட்டைப் பார்க்கிறாள். டாக்டர் நல்லபடியாகச் சொல்லித்தான் அனுப்பினார். செண்பகத்துக்கு அது போதவில்லை.

தொட்டால் என்ன, கையா தேய்ந்துவிடும்?

அவருக்குப் பயம். பார்க்காத பிறையைப் பார்த்ததாகச் சொல்லி ஆசீர்வாதம் பண்ணி, அது பலிக்காமல் போனால்?

அவர் பிறந்தது இங்கிலாந்தில், மில் புகையும் மழையும் முறை வைத்து ஆண்ட ஊரில். பஸ் ஓட்டினார். பாதி ஆயுசுக்கு மேலேயே நிலா அவருக்குக் காதில் விழுந்த செய்திதான். நர்ஸ் வேலைக்கு வந்த ஆவுடையைக் கட்டினார். ஓய்வு பெற்றதும் அவள் ஊரான அம்பாசமுத்திரத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

வந்த நாளிலிருந்து தெருவுக்கு அவர் மாப்பிள்ளை.

ஆவுடை போய்ச் சேர்ந்த பிறகும் மாப்பிள்ளைதான். அவர் வயதுக்காரர்கள் அங்கே முதியோர் இல்லத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். இவருக்கு இங்கே பந்தியில் முதல் வடை. கடிக்கப் பல் இல்லை என்பது வேறு கதை. காது பாதி, முட்டி கால்வாசி, எல்லாம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிக்கொண்டிருந்தன. கண்ணில் புரை முற்றிவிட்டது. எதிரே ஒரு பைக் வந்தால் நாலைந்து விளக்கு தெரிகிறது, எதற்கு ஒதுங்குவது என்று கண் டாக்டரிடமே கேட்டார். ஆபரேஷன் வேண்டாம், பார்த்தவரைக்கும் போதும் என்றும் சொல்லிவிட்டார்.

ஆவுடை இருந்தவரை மாதாமாதம் மூன்றாம் பிறைக்கு மொட்டைமாடிக்கு இழுத்துப்போவாள். அவள் போன பிறகு ஒரு தடவை தனியாக ஏறினார், நாள் தப்பி. நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்று தெருவே பதறியது. அவர் சிரித்தார். மறுநாள் பல்செட்டு கிணற்றில் விழுந்தது.

அதோடு சிரிப்பையும் மாடியையும் விட்டார்.

“ஆயிரமெல்லாம் இல்லம்மா. எங்க ஊர்ல நான் மேகத்தத்தான் பார்த்தேன்” என்று கையை விரித்தார்.

செண்பகம் குனிந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

அவள் முகம் அவருக்குத் தெரிந்த முகம். ஆவுடை படுத்த படுக்கையாகக் கிடந்தபோது கண்ணாடியில் தினமும் பார்த்தது. யாராவது சும்மாவாவது ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிய முகம்.

பொறு என்றார். இன்றைக்கு என்ன பிறை என்று கேட்டார்.

மூன்றாம் பிறை என்றாள்.

நிச்சயமா என்று மறுபடியும் கேட்டார். சூடு கண்ட பூனை.

ஒன்றையாவது புதிதாகப் பார்த்துவிட்டுத் தொடுகிறேன் என்று கைத்தடியைத் தேடினார்.

ஏறினார் என்று சொல்வது மரியாதைக்கு. படியில் உட்கார்ந்து, பின்பக்கமாக, ஒவ்வொரு படிக்கும் தன்னைத்தானே தூக்கி வைத்துக்கொண்டு போனார். செண்பகம் பிள்ளையோடு கூடவே வந்தாள். அந்திநேரத்தில் பச்சைப்பிள்ளையை வெட்டவெளிக்குக் கொண்டுவரக் கூடாது. படிக்கட்டின் மேல்வாசலுக்குள்ளேயே, முந்தானையால் மூடியபடி நின்றுகொண்டாள்.

அவர் வாசலுக்கு வெளியே இரண்டெட்டு வைத்து நின்றார்.

மேற்கே பொதிகை மலை கறுத்துக் கிடந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

கழற்றிவிட்டுப் பார்த்தார்.

ஒன்று அல்ல.

மலைக்கு மேலே ஒரு பிறை. அதன் முதுகில் இன்னொன்று. பக்கத்தில், மேலே, கீழே, கொத்தாக, யாரோ தேங்காய்க் கீற்றை வாரி இறைத்த மாதிரி.

புரைதான். பைக் விளக்கைப் பலதாக்கிய அதே புரை. அது தெரியாதவரா அவர்?

தெரிந்தும் உடம்பெல்லாம் புல்லரித்தது. அம்மாடி என்று வாய்விட்டுச் சொன்னார். எத்தனை அழகு. கண் கெட்டுப்போய்த்தான் இதைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறது.

அந்த ஊர் மேகம் மறைத்ததெல்லாம், ஆவுடை போனபின் அவர் ஏறாமல் விட்டதெல்லாம், வரிசையில் நிற்கப் பொறுமையில்லாமல் முண்டியடித்துக்கொண்டு ஒரே நாளில் வந்து நின்றன.

“தெரியுதா மாமா?”

செண்பகம் வாசலுக்குள்ளிருந்தே கேட்டாள்.

அவர் விரலை வானத்துக்கு நீட்டியிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. கண்ணில் நீர் கட்டியது. ஒவ்வொரு பிறையும் இரண்டாகப் பிரிந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

எண்ணுவதை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல், இன்னொரு கையைப் பின்னால் வாசல் பக்கம் நீட்டினார்.

செண்பகம் முந்தானையை விலக்கினாள்.