போலந்துக்காரியின் கேள்விகள்

"போலந்துல எம்புட்டு நாள் இருப்பீய, மேடம்?"

பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள் அழகுத்தாய். மூக்கு நுனியில் கண்ணாடி. அது மூக்கில் இருக்கும்வரை அவள் பெர்மிட் கொடுக்கிற போலந்துக்காரி. கழற்றினால் இந்துவின் அம்மா, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி சுற்றும் வேலை பார்க்கிறவள். ஒத்திகைக்கு அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள்.

நாளைக்கு இண்டர்வியூ என்று இந்து சொல்லியிருந்தாள்.

"ரெண்டு வருசம் இருந்து பாத்துட்டு, பொறவு..."

"தப்பு."

தப்புதான். தொழில் தொடங்க வாரேன், முதல் போடுதேன் என்று பெர்மிட் கேட்கிறவள் திரும்பிப் போகிற பேச்சை எடுத்தால் எவன் கொடுப்பான்? இங்கேயிருந்து பேண்டேஜ் துணியை இறக்கி, அங்கே வெட்டி, பாக்கெட் போட்டு ஆஸ்பத்திரிகளுக்கு விற்பதாகத் திட்டம். கூட்டுக்குக் கிருஷ்ணன்கோவிலில் கூடப் படித்த தோழி ஜெபா.

"ஆம்பளத் துணை யாரும் வருதாவளா?"

"வரலை. நாந்தான் முதலாளி."

இதற்கு மட்டும் இந்துவின் குரல் தெருமுனை வரைக்கும் போனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் லோனுக்கு ஏறி இறங்கிய இடத்திலெல்லாம் இதே கேள்விதான். அப்பா செத்துட்டாரு என்றால், அண்ணன் இல்லையா என்றார்கள். அண்ணனும் இல்லை என்றால், கல்யாணம் முடியட்டும் பாப்போம் என்றார்கள். வம்சத்திலேயே முதல் டிகிரி. அதைச் சுருட்டி அவர்கள் மூஞ்சியில் எறிய வேண்டும் போலிருந்தது.

"ஏன் மேடம் கத்துதீய? எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

இந்து சிரித்துவிட்டாள். போலந்துக்காரி சிரிக்கவில்லை.

"வீட்டுல யாரு இருக்கா?"

"அம்மா."

"அவியள யாரு பாத்துக்கிடுவா?"

எந்த ஆபீசரும் இதைக் கேட்க மாட்டாள். இந்து நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

"அவியளே பாத்துக்கிடுவாவ."

"சரி. எம்புட்டு நாள் இருப்பீய? தரையப் பாத்துச் சொல்லக் கூடாது. என் கண்ணப் பாத்துச் சொல்லணும்."

இந்து பார்த்தாள்.

"அங்கயேதான் இருப்பேன். திரும்பி வர மாட்டேன்."

அழகுத்தாய் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"பெர்மிட்டு செவ்வாக்கெழமையே வந்துருச்சு. என்ன ஏட்டி?"

இண்டர்வியூ போன மாதமே முடிந்திருந்தது. பெர்மிட் செவ்வாய்க்கிழமை வந்திருந்தது. திரும்பி வர மாட்டேன் என்பதை நேருக்கு நேர் சொல்ல முடியாமல்தான் அம்மாவை நாற்காலியில் ஏற்றிக் கேள்வி கேட்க வைத்திருந்தாள்.

"ஜெபா சொன்னாளா?"

"அவ எதுக்குச் சொல்லணும்? அன்னைக்குப் பாத்ரூம்ல குழாயத் தொறந்துவிட்டுட்டு அழுத. கெடைக்கலன்னா நீ அழவா செய்வ? அந்த நாட்டையே திட்டித் தீத்திருப்ப."

இந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள். தலைமுடியில் அம்மாவின் விரல்கள் நுழைந்தன. விரல்களில் புதுத் துணி வாசம்.

கொஞ்ச நேரத்தில் அந்த விரல்கள் நின்றன. அழகுத்தாய் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"சரி மேடம். என்னைக்குக் கெளம்புதீய?"