வலது ஓரம்

மனைவி மரகதம் சீரியல் பார்த்த இரண்டாவது திரையை, அவள் இறந்து போன பிறகு சிதம்பரநாதன் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை. மவுஸை வலப்பக்கம் நகர்த்தினால் அம்புக்குறி ஓரத்தைத் தாண்டி, இல்லாத அந்தத் திரைக்குள் மறைந்துவிடும். முன்பெல்லாம் அது கதாநாயகியின் முகத்தின் மேல் போய் நிற்கும். "என் பக்கம் வராதீங்க" என்பாள் மரகதம்.

சரிபார்க்க வந்த நசீர், திரையை இயக்கும் மென்பொருளான பழைய கிராபிக்ஸ் டிரைவரைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு புதியதை ஏற்றினான். திரை கறுத்து, மீண்டும் ஒளிர்ந்தது.

"இனிமே அந்தப் பக்கம் போகாது சார்."

அவர் நகர்த்திப் பார்த்தார். அம்புக்குறி ஓரத்தில் முட்டி நின்றது. மறுபடியும் நகர்த்தினார்.

"பழசையே போட்டுடுங்க தம்பி."

"மறுபடி காணாமப் போகுமே சார்."

"போயிட்டு வரட்டும்."