ஆறிப்போன டீயும் ஃபெயில் ஆன டெஸ்ட்டும்

மூன்றே காலுக்கு டெஸ்ட் மறுபடியும் ஃபெயில் ஆனது.

ஐடா லேப்டாப்பை முறைத்தாள். அதுவும் சளைக்காமல் சிவப்பு எழுத்தில் அவளை முறைத்தது.

நான்கு மணிக்கு ராஜ்குமார் கூப்பிடுவான். பெங்களூரில் இருக்கும் அவளுடைய டீம் லீட். நேற்றே கறாராகச் சொல்லிவிட்டான்: "நாளைக்கு டெஸ்ட் ஓடுச்சுன்னா அந்த சின்ன போர்டு ரக மெஷின் எல்லாம் உன் பொறுப்பு, வீட்ல இருந்தே பாரு. ஓடலைன்னா அந்த வேலையை மூடிட்டு மண்டே ஆபீஸ் வந்துடு."

ஆபீஸ் போவது என்றால் மாரிகுப்பம் ஸ்டேஷனில் விடியற்காலை பெங்களூர் ட்ரெயின் பிடித்து, நின்றுகொண்டே தூங்கி, இருட்டிய பிறகு வீடு திரும்புவது. ஆறு வருஷம் அப்படிப் போய்வந்தவள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற இந்த மூன்று வாரமாகத்தான் மனுஷியாக இருக்கிறாள்.

விஷயம் இதுதான். ஒரு ப்ரோகிராம் எங்கே நேரத்தைத் தின்கிறது என்று அளந்து சொல்லும் கருவியை அவள் டீம் செய்கிறது. கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட் ஐடா எழுதியது. ஆபீஸின் பெரிய சர்வர்களில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். போனில் இருக்கிற ரக ப்ராசஸர் போட்ட சின்ன போர்டில் மட்டும் சண்டித்தனம் செய்யும். அந்த போர்டைத்தான் அவளிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

உள்ளங்கை அகலம்தான். ஹாலில் ஷோகேஸ் மேல், வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, உள்ளறையில் உட்கார்ந்தபடியே ஓட்டுவாள். முதல் நாள் பாஸ். மறுநாளிலிருந்து ஃபெயில்.

அவளும் என்னதான் செய்யவில்லை. ப்ரோகிராமை மெஷின் மொழிக்குப் பெயர்க்கும் கம்பைலரை மாற்றினாள். சர்வர், போர்டு இரண்டின் ப்ராசஸர் கையேடுகளையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டாள். கோயிலுக்குப் போன இடத்தில்கூட பிரசங்கத்தை விட்டுவிட்டு இதையே யோசித்தாள். போர்டு மசியவில்லை.

போதாக்குறைக்கு வீட்டில் டீயும் சரியில்லை.

அவள் அம்மா ஈவ்லின் ரிட்டயர் ஆன தையல் டீச்சர். கண்ணில் பட்டதற்கெல்லாம் உறை போட்டுவிடுவாள். டிவிக்கு லேஸ், மிக்ஸிக்குப் பூப்போட்ட சட்டை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குக்கூட உறை. வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம் விடாமல், பீங்கான் டீ கெட்டிலுக்குக் கம்பளிக் குல்லா. மூன்று மணிக்குப் போட்ட டீ ஐந்து மணிக்கும் நாக்கைச் சுடும். அப்பேர்ப்பட்ட வீட்டில் மூன்று வாரமாக டீ பச்சைத் தண்ணீர்.

ஐடா எழுந்து ஹாலுக்குப் போனாள். அம்மா பின்வாசலில் கொடித் துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். கெட்டிலிலிருந்து ஊற்றி ஒரு வாய் குடித்தாள். இன்றைக்கும் ஆறித்தான் போயிருந்தது.

கெட்டிலைப் பார்த்தாள். மொட்டைத் தலையோடு நின்றது. குல்லாவைக் காணோம்.

தேடிய கண் ஷோகேஸில் போய் நின்றது. வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில், உச்சியில் குஞ்சத்தோடு, சிவப்புக் குல்லா ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் உறை போட்ட வீட்டில் இன்னொரு உறை இத்தனை நாளும் அவள் கண்ணிலேயே படவில்லை.

தூக்கினாள். உள்ளே போர்டு. விரல் பட்டதும் சுரீர் என்றது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சூடு ஏறினால் அந்த போர்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இது தெரியாமல் மூன்று வாரம் கையேட்டைக் குடைந்திருக்கிறாள்.

குல்லாவை ஓரமாக வைத்து, பழைய பேப்பரால் விசிறி, உள்ளறைக்குப் போய் டெஸ்ட்டை ஓட்டினாள். பாஸ். மணி மூன்றரை. இப்படியே ராஜ்குமாருக்கு அனுப்பிவிடலாம். கை பட்டன் வரைக்கும் போய்விட்டது.

அங்கேயே நின்றுவிட்டது. நாளைக்கு இந்த ரக போர்டு யாருடைய தகர ஷெட்டில், எந்த ஏப்ரல் வெயிலில் கிடக்குமோ. அங்கே யார் போய் விசிறுவார்கள்? கருவி இத்தனை நாளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது: மெஷின் மெதுவாக ஓடுகிறது. தப்பு டெஸ்ட்டில். ஆபீஸ் சர்வரை மனதில் வைத்து, 'பத்து விநாடிக்குள் முடியவேண்டும்' என்று எழுதிவைத்த மகராசி அவளேதான்.

அந்த வரியை அழித்தாள். எத்தனை விநாடி ஆனது என்று கேட்காமல், மொத்த நேரத்தில் எந்த வேலைக்கு எத்தனை பங்கு போனது என்று மட்டும் பார்க்கும்படி மாற்றினாள். ஓடுகிற மெஷினானாலும் நொண்டுகிற மெஷினானாலும் பங்கு ஒன்றுதான்.

பிறகு ஹாலுக்குப் போய், குல்லாவை எடுத்துத் தன் கையாலேயே போர்டுக்கு மாட்டினாள். நன்றாகச் சூடேறட்டும் என்று நகத்தைக் கடித்தபடி காத்திருந்தாள்.

மூன்று ஐம்பத்தெட்டு. ஆபீஸ் சர்வரில் பாஸ். குல்லாவுக்குள்ளும் பாஸ்.

ராஜ்குமார் கூப்பிட்டான், பார்த்தான், "சூப்பர்" என்றான். திங்கட்கிழமை ட்ரெயின் அவள் இல்லாமலே போகும்.

ஐடா குல்லாவை விரலில் சுழற்றிக்கொண்டே பின்வாசலுக்குப் போனாள். அம்மாவைத் திட்டுவதற்கு வாகாக இரண்டு வார்த்தை வைத்திருந்தாள்.

"இன்னாத்துக்கும்மா இத அதுக்குப் போட்ட?"

அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "டிசம்பர் குளுரு, கெட்டுப்பூடும்னுதான். இத்தினி வருசத்துல அது வந்துதான் உன்ன வூட்ல ஒக்கார வெச்சுது. எனக்கு ஆறின டீயே போதும், அதுக்கே மாட்டிடு, போ."



ஐடா உள்ளே வந்தாள். குல்லாவை போர்டுக்கே மாட்டினாள். ஆறின டீயை இரண்டு கப்பில் ஊற்றி எடுத்துக்கொண்டு, மறுபடி பின்வாசலுக்குப் போனாள்.